நிறப்பொடியின் நுண்ணளவு

நுழையும்முன்

அம்மியில் அரைபடும் மஞ்சளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, ‘இன்னும் சற்று அரைபட வேண்டும்’ என்று சொல்லும் கைப்பழக்கம் இல்லங்களில் உண்டு. விரல்நுனி உணரும் அந்த நுண்மையை ஓர் எண்ணாகச் சொல்ல இயலுமா? அறிவியல் அதற்குப் பல கருவிகளை ஆக்கித் தந்துள்ளது. எனினும் ஒரே பொடியை அளந்து ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் எண்ணைக் கூறுகிறது. அவற்றுள் எது உண்மை? நிறப்பொடி ஒன்றை ஆய்வகத்தில் அளக்கும் முறைகளையும், அளந்து பெற்ற எண்ணைப் பொருள்கொள்ளும் நெறியையும் இப்பாடம் விளக்குகிறது.

கரையாத நிறம்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வோவியத்தில் இலைகளுக்கிடையே மலர்களும் மீன்களும் பறவைகளும் இன்றும் நிறம் காட்டி நிற்கின்றன. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன், 1930களில் தமிழகத்துச் சுவரோவியங்களின் சாந்தையும் நிறங்களையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தார். செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவிமண், கருமைக்குக் கரி, வெண்மைக்குச் சுண்ணாம்பு என மண்ணிலும் அடுப்பிலும் கிடைத்த பொருள்களே அந்நிறங்களாயின.

இத்தகைய பொருள்களை நிறமி என்பர். நிறமி வேறு, சாயம் வேறு. சாயம் நீரில் கரைந்து நூலிழைக்குள் ஊறும். நிறமி கரைவதில்லை. எவ்வளவு அரைத்தாலும் அது துகளாகவே இருக்கும். எண்ணெயிலோ பசையிலோ சுண்ணாம்பிலோ மிதந்து, அவை காய்ந்ததும் அங்கேயே தங்கிவிடும். கரையாமை என்னும் இப்பண்பே துகளின் அளவை முதன்மையாக்குகிறது. கரைந்துவிட்ட பொருளுக்குத் துகள் இல்லை. கரையாத பொருளுக்குத் துகளின் அளவே வாழ்வு.

அளவு மாறினால் நிறம் மாறும்

அசூரைட் என்பது செம்பு கலந்த நீலக்கல். அதைப் பருபருப்பாக உடைத்தால் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். மேலும் மேலும் அரைத்தால் நீலம் வெளுத்து, வானின் இளநீலமாகிவிடும். கல் அதே கல். வேதியியற் சேர்க்கையில் மாற்றமில்லை. பெரிய துகளுக்குள் புகும் ஒளி நெடுந்தொலைவு சென்று, நீலம் ஒழிந்த நிறங்களை இழந்து வெளிவருகிறது. சிறிய துகள்களின் குவியலிலோ எண்ணற்ற மேற்பரப்புகள் உள்ளன. ஒளி உள்ளே செல்லுமுன் அப்பரப்புகளில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. அவ்வாறு திரும்பும் வெள்ளொளி நீலத்தை வெளுக்கச் செய்கிறது.

ஜப்பானிய மரபோவியர் இவ்வுண்மையை விலைப்பட்டியலாகவே ஆக்கிவிட்டனர். அங்குத் தாதுப்பொடிகள் துகளளவுக்கேற்ப எண்ணிடப்பட்டு விற்கப்படுகின்றன. எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும், நிறமும் வெளிறும். ஒரே கல்லிலிருந்து பல நிறங்களைப் பெறும் வழி இது.

இரும்பு ஆக்சைடின் கதை வேறு. மிக நுண்ணிய செந்துகள்கள் சற்றே மஞ்சள் சாயலுள்ள சிவப்பைத் தரும். ஒரு மைக்ரோமீட்டரை நெருங்கும் துகள்கள் ஊதா சாயலுள்ள சிவப்பைத் தரும்.

இன்றைய வெள்ளை வண்ணப்பூச்சுகளின் அடிப்படையான டைட்டானியம் டை ஆக்சைடு இவை அனைத்தினும் வியப்பூட்டுவது. அதன் துகள் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்போது, கண்ணுறு ஒளியை மிகுதியாகச் சிதறடித்துச் சுவரை முழுதும் மறைக்கும் வெண்மையைத் தருகிறது. அவ்வளவு, கண்ணுறு ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாகும். அதே பொருளைப் பத்தில் ஒரு பங்காக நுணுக்கினால் வெண்மை மறைந்துவிடும். கண்ணுறு ஒளி அதனூடே சென்றுவிடும். புறஊதாக் கதிர் மட்டும் தடுக்கப்படும். எனவே அது வெயில் தடுப்புக் களிம்பில் இடம்பெறுகிறது. சுவரை மறைக்கும் வெள்ளையும் தோலில் பூசினால் தெரியாத காப்பும் ஒரே பொருளின் இரு அளவுகளே.

ஆகவே நிறமியை ஆக்குவோருக்கும், பழைய ஓவியத்தின் சிதைந்த பகுதியைச் செப்பனிடுவோருக்கும், ‘என்ன பொருள்?’ என்னும் வினாவோடு ‘என்ன அளவு?’ என்னும் வினாவும் எழுகிறது.

தெரிந்து தெளிவோம்
ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். கண்ணுறு ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்.

சல்லடையும் அதன் எல்லையும்

பொடியை அளக்கும் கருவிகளுள் தொன்மையானது சல்லடை. மாவு சலிப்பவர் கப்பியையும் மாவையும் பிரிப்பதுபோல, ஆய்வகத்தில் கண் பெரிய சல்லடை மேலும் கண் சிறிய சல்லடை கீழுமாக அடுக்கி, குறிப்பிட்ட நேரம் அதிரச் செய்கின்றனர். பின்னர் ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை எடைபோடுகின்றனர்.

ஆய்வகச் சல்லடையின் எண், ஓர் அங்குல நீளத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். 200ஆம் எண் சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு 200 கண்கள் உள்ளன. கம்பியின் தடிமன் போக, ஒரு கண்ணின் அகலம் 75 மைக்ரோமீட்டர். 325ஆம் எண் சல்லடையில் அது 45 மைக்ரோமீட்டர். நிறமியை நீரில் கலந்து 45 மைக்ரோமீட்டர் சல்லடையில் கழுவி ஊற்றி, தங்கிய கசடை உலர்த்தி நிறுப்பது வண்ணப்பூச்சுத் தொழிலில் நெடுங்காலமாக உள்ள ஆய்வு. பொடியில் பருமனான குறைகள் உள்ளனவா என்பதை அது உடனே காட்டிவிடும்.

ஆனால் நல்ல நிறமியின் துகள்கள் பெரும்பாலும் 45 மைக்ரோமீட்டரினும் மிகச் சிறியவை. அவை அனைத்தும் கண்வழியே இறங்கிவிடும். இறங்கியவற்றுள் எது 10, எது 1 என்று சல்லடை கூறாது. மேலும், நீண்ட ஊசி போன்ற துகள் நிமிர்ந்து நிற்கும்போது சிறிய கண்ணிலும் நுழைந்துவிடும். சல்லடை, துகளின் நீளத்தை அறியாது, குறுக்களவையே அறியும்.

ஒரு சிட்டிகையின் நேர்மை

நுண்கருவிகளுக்குத் தேவைப்படும் பொடி ஒரு கிராமினும் குறைவு. மூட்டையில் இருப்பதோ 25 கிலோகிராம். அந்தச் சிட்டிகை மூட்டை முழுமைக்கும் சான்றாக நிற்க வேண்டும். இங்கேதான் முதற்பிழை நேர்கிறது.

பொடியைக் குவியலாகக் கொட்டும்போது பருத்த துகள்கள் சரிவில் உருண்டு அடியோரம் சேரும். நுண்துகள்கள் நடுவிலேயே தங்கும். வண்டியில் வந்த மூட்டையிலோ குலுங்கக் குலுங்க நுண்துகள்கள் இடுக்குகள் வழியே கீழிறங்கும். பருத்தவை மேலே நிற்கும். முறத்தில் அரிசியைக் கொழிப்பவர் அறிந்து பயன்படுத்தும் பிரிவு, பொடியில் அறியாமலே நிகழ்ந்துவிடுகிறது. மேலிருந்து ஒரு கரண்டி அள்ளினால் அது மூட்டையின் மேற்பகுதிக்கு மட்டுமே சான்றாகும். ஆகவே பொடியை நன்கு கலந்து வட்டக்குவியலாகப் பரப்பி, நான்கு கூறாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறுகளை மட்டும் எடுத்து, மீண்டும் கலந்து மீண்டும் நான்காக்கி, சிறிதளவு எஞ்சும்வரை இதனைத் தொடர்வர். சுழன்றுகொண்டே பல குப்பிகளில் பொடியைச் சமமாகப் பகிரும் கருவிகளும் உள்ளன.

இரண்டாம் இடர், துகள்களின் ஒட்டுறவு. நுண்துகள்கள் தனித்து நில்லா. ஒன்றோடொன்று பற்றித் திரள்களாகிவிடும். ஈரக்காற்றில் கோலமாவு கட்டி கட்டுவதைப் போன்றதே இது. திரளைத் துகளென எண்ணி அளந்தால் 0.3 மைக்ரோமீட்டர்ப் பொடி 10 மைக்ரோமீட்டராகத் தோன்றும். எனவே பொடியை நீரில் இட்டு, துகள்கள் மீண்டும் ஒட்டாதிருக்கச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் போன்ற பொருளைச் சிறிதளவு சேர்த்து, மீயொலி அதிர்வால் திரள்களைப் பிரிக்கின்றனர். இதிலும் அளவு வேண்டும். அதிர்வு குறைந்தால் திரள் பிரியாது. மிகுந்தால் துகளே உடையவும் கூடும். அதிர்வூட்டும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே சென்று, எண் இனி மாறவில்லை என்னும் நிலையை முன்கூட்டியே கண்டறிவது நல்ல ஆய்வாளரின் வழக்கம்.

கண்டு எண்ணுதல்

துகளை நேரில் காட்டுவது நுண்ணோக்கி. அதனை அளவுகோலாக்க, ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கிக் கோடிட்ட கண்ணாடித்தகடு பயன்படுகிறது. அதன் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 10 மைக்ரோமீட்டர். கண்ணருகு வில்லையில் பொறித்த கோடுகளை இத்தகட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கோட்டின் மதிப்பையும் உறுதிசெய்த பின்னரே துகளை அளக்க வேண்டும். துகளின் உருவத்தையும், அது தனித்துகளா திரளா என்பதையும் நுண்ணோக்கியே தெளிவாகக் காட்டும். எந்த முறையைக் கையாண்டாலும் முதலில் நுண்ணோக்கியில் பார்த்துவிடுதல் நன்று.

ஆயினும் ஒளிநுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியினும் நெருங்கிய இரு புள்ளிகளை அது பிரித்துக் காட்டாது. இவ்வெல்லையை எர்ன்ஸ்ட் அபே 1873இல் விளக்கினார். 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றின் உருவைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

மற்றோர் எல்லை, எண்ணிக்கை. ஒரு பொடியில் 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள் 1000 உள்ளன. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்றே ஒன்று உள்ளது எனக் கொள்வோம். விட்டம் பத்து மடங்கானால் பருமன் ஆயிரம் மடங்காகும். எனவே அந்த ஒற்றைப் பெருந்துகளின் எடை ஆயிரம் சிறுதுகள்களின் மொத்த எடைக்குச் சமம். நுண்ணோக்கியில் அந்த ஒன்றைக் காணத் தவறினால், பொடியின் பாதி எடையையே காணத் தவறியதாகும். அதனால்தான் சில துகள்களைப் பார்த்துவிட்டு முடிவு கூறலாகாது. பல இடங்களில் பல நூறு துகள்களையேனும் எண்ண வேண்டும்.

வண்டல் கற்பித்த பாடம்

வெள்ளம் வடியும் ஆற்றில் கூழாங்கல் முதலிலும், மணல் அடுத்தும், வண்டல் இறுதியிலும் படிகின்றன. பருத்தது விரைந்து விழும். நுண்ணியது தயங்கி விழும். காவிமண்ணை நீரில் கலக்கி, பருத்த மணல் படிந்தபின் மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு கலத்துக்கு மாற்றி, அதில் மெல்லப் படியும் நுண்பொடியை எடுப்பது ஓவியர்களின் பழைய முறை. அம்முறைக்குக் கணக்கு வகுத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். பாய்மத்தில் விழும் சிறு உருண்டையின் முற்றுத்திசைவேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது, 1851இல் வெளியான அவருடைய ஆய்விலிருந்து பெறப்படும் விதி. துகளுக்கும் நீர்மத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு மிகுந்தால் வேகம் மிகும். நீர்மத்தின் பாகுத்தன்மை மிகுந்தால் வேகம் குறையும்.

செந்நிற இரும்பு ஆக்சைடின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 5.2 மடங்கு. 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் உள்ள நீரில் அதன் 10 மைக்ரோமீட்டர்த் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ ஆறரை நிமிடம் ஆகும். 1 மைக்ரோமீட்டர்த் துகளுக்கு நூறு மடங்கு நேரம், அதாவது ஏறத்தாழ 11 மணி தேவை. 0.1 மைக்ரோமீட்டர்த் துகளுக்குக் கணக்கின்படி ஏறத்தாழ 45 நாள் ஆகும்.

ஆய்வகத்தில் இதற்கு ஆண்ட்ரியாசன் பிப்பெட் என்னும் கருவி பயன்படுகிறது. அளவுக்கோடுகள் இட்ட கண்ணாடிக் கலத்தில் பொடி கலந்த நீரை நிரப்பிக் குலுக்கி அசையாமல் வைப்பர். குறித்த நேரங்களில், குறித்த ஆழத்திலிருந்து 10 மில்லிலிட்டர் நீரை மெல்ல உறிஞ்சி எடுத்து, உலர்த்தி, தங்கிய பொடியை நிறுப்பர். ஆறரை நிமிடம் கழித்து 10 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த நீரில் 10 மைக்ரோமீட்டரினும் பெரிய துகள் இருக்க இயலாது. அவையெல்லாம் அவ்வாழத்தைக் கடந்து போயிருக்கும். எனவே அதில் உள்ள பொடியின் எடையைத் தொடக்கநிலை எடையோடு ஒப்பிட்டால், அவ்வளவினும் சிறிய துகள்களின் பங்கு தெரிந்துவிடும்.

துகள்கள் ஒன்றையொன்று இடையூறு செய்யாதிருக்கக் கலவை மிக நீர்த்ததாக இருத்தல் வேண்டும். வெப்பநிலை மாறலாகாது, ஒரு பாகை உயர்ந்தால் நீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்துவிடும். ஒரு மைக்ரோமீட்டருக்குக் கீழே வேறோர் இடையூறு தோன்றும். நீர் மூலக்கூறுகளின் மோதலால் துகள்கள் ஓயாது நடுங்கி அலைகின்றன. 1827இல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்ட இவ்வியக்கம், துகளை நேராக விழவிடாது. அப்போது புவியீர்ப்பினும் வலிய விசை வேண்டும். மையவிலக்கியில் கலவையைச் சுழற்றி அவ்விசையைப் பெறுகின்றனர்.

ஒளி வரையும் வளையம்

மெல்லிய மேகம் மறைக்கும் நிலவை ஒட்டிச் சில வேளைகளில் நிறவளையம் ஒன்று தோன்றும். மேகத்தின் நுண்துளிகளைக் கடக்கும் ஒளி, விளிம்பு விளைவால் வளைந்து விரிவதே அதற்குக் காரணம். துளி சிறிதானால் வளையம் பெரிதாகும். துளி பெரிதானால் வளையம் சுருங்கும்.

லேசர் துகள் அளவி இவ்வுண்மையையே பயன்கொள்கிறது. பொடி கலந்த நீர் கண்ணாடி அறை ஒன்றினூடே ஓடுகிறது. அதன்மீது லேசர்க் கற்றை பாய்கிறது. பெரிய துகள்கள் ஒளியைச் சிறு கோணத்திலும், சிறிய துகள்கள் பெருங்கோணத்திலும் சிதறடிக்கின்றன. பல கோணங்களில் அமைந்த உணரிகள் அவ்வொளியின் செறிவைப் பதிவுசெய்ய, கணினி அதற்குப் பொருந்தும் துகள் பரவலைக் கணக்கிட்டுத் தருகிறது. நாள் கணக்கில் ஆகும் வேலை சில நிமிடங்களில் முடிகிறது.

விரைவு இருப்பினும் விழிப்பும் வேண்டும். சில மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள துகள்களுக்குக் கணக்கிட, 1908இல் குஸ்டாவ் மீ வகுத்த ஒளிச்சிதறல் கோட்பாடு தேவைப்படுகிறது. அதற்கு நிறமியின் ஒளிவிலகல் எண்ணையும், அது ஒளியை உட்கவரும் அளவையும் கருவிக்குக் கொடுத்தல் வேண்டும். நிறமியின் இயல்பே ஒளியை உட்கவர்தல் ஆதலால், அங்குத் தவறான எண் இட்டால் விடையும் தவறாகும். கருவி அதனை எச்சரிக்காமலும் போகலாம்; அழகிய வளைகோட்டை வரைந்து தந்துவிடும்.

மிக நுண்ணிய துகள்களுக்கு, பிரவுன் இயக்கத்தால் சிதறொளியில் உண்டாகும் நொடிநேர மின்னல்களை அளந்து, துகள் எவ்வளவு விரைவாக அலைகிறது என்பதிலிருந்து அளவைக் கணிக்கும் முறையும் உண்டு. வண்டல் முறைக்கு இடையூறாக இருந்த நடுக்கமே இங்கு அளவுகோலாகிவிடுகிறது.

ஒரே பொடி, பல எண்கள்

இப்போது நுழைவாயில் வினாவுக்குத் திரும்பலாம். நான்கு முறைகளிலும் அளந்த ஒரே பொடிக்கு நான்கு விடைகள் வரக் காரணம் என்ன?

துகள் உருண்டையாக இருந்தால் விட்டம் என்னும் ஓர் எண் போதும். நிறமித் துகள்களோ பெரும்பாலும் உருண்டை அல்ல. செயற்கை மஞ்சள் இரும்பு ஆக்சைடின் துகள் ஊசி போன்றது. முத்தொளி தரும் நிறமிகளுக்கு அடிப்படையான மைக்கா, தகடு போன்றது. ஊசிக்கு விட்டம் எது? தகட்டுக்கு விட்டம் எது? ஒவ்வொரு முறையும் அவ்வுருவை ஓர் உருண்டையாக மாற்றிக்கொண்டு விடை சொல்கிறது. ‘இத்துகள் எந்த உருண்டையைப்போல் நீரில் விழுகிறது?’ என்று வண்டல்முறை வினவுகிறது. ‘எந்த உருண்டையைப்போல் ஒளியைச் சிதறடிக்கிறது?’ என்று லேசர்முறை வினவுகிறது. ‘எந்தக் கண்ணில் நுழைகிறது?’ என்று சல்லடை வினவுகிறது. மைக்காத் தகடு நுண்ணோக்கியின் கண்ணாடியில் படுத்துக் கிடந்து தன் முழு அகலத்தையும் காட்டும். நீரிலோ தயங்கித் தயங்கி இறங்கி, தன்னைச் சிறிய உருண்டையாகக் காட்டும். எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. வினாக்கள் வேறு, ஆகவே விடைகளும் வேறு.

இரண்டாவது காரணம், சராசரியை எதனால் எடுப்பது என்பது. முன்கூறிய பொடியில் 1 மைக்ரோமீட்டர்த் துகள் ஆயிரமும் 10 மைக்ரோமீட்டர்த் துகள் ஒன்றும் இருந்தன. துகள்களை எண்ணிச் சராசரி கண்டால் விடை ஏறத்தாழ 1.01 மைக்ரோமீட்டர். எடையால் சராசரி கண்டால், பாதி எடை 1இலும் பாதி எடை 10இலும் இருப்பதால் விடை 5.5 மைக்ரோமீட்டர். இரண்டும் சரியே. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கூறினால் கேட்பவர் ஏமாறுவார்.

தெரிந்து தெளிவோம்
ஒரு பொடியின் அளவைத் தனி எண்ணால் கூறாது, மூன்று எண்களால் கூறுவது ஆய்வக வழக்கம். டி10 என்பது எந்த அளவுக்குக் கீழே பொடியின் 10 விழுக்காடு உள்ளதோ அவ்வளவு. டி50 என்பது பொடியைச் சரிபாதியாகப் பிரிக்கும் அளவு. டி90 என்பது எந்த அளவுக்குக் கீழே 90 விழுக்காடு உள்ளதோ அவ்வளவு. டி10, டி90 ஆகிய இரண்டும் நெருங்கியிருந்தால் பொடி சீரானது. விலகியிருந்தால் பல அளவுத் துகள்கள் கலந்தது.

எண்ணின் பொறுப்பு

துகளளவு பற்றிய இவ்வேறுபாடு, ஆய்வகத்துக்குள் மட்டும் அடங்குவதன்று. மனிதர் மூச்சையும் உணவையும் தொடுவது.

காற்றில் மிதக்கும் 10 மைக்ரோமீட்டரினும் சிறிய துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து செல்ல வல்லவை. 2.5 மைக்ரோமீட்டரினும் சிறியவை நுரையீரலின் ஆழ்ந்த சிற்றறைகள்வரை செல்ல வல்லவை. இயற்கைக் காவிமண்ணில் பெரும்பாலும் குவார்ட்சு கலந்திருக்கும். அதன் நுண்தூளை நெடுங்காலம் சுவாசிப்பவருக்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். ஒரு பொடியின் டி50 20 மைக்ரோமீட்டர் என்று மூட்டையில் எழுதியிருக்கலாம். அவ்வெண் பொய்யன்று. ஆயினும் அப்பொடியின் பாதி எடை 20 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளது. அதற்குள் நுரையீரலைச் சேரும் நுண்தூள் எவ்வளவு என்பதை அவ்வெண் கூறவில்லை. மூட்டையைப் பிரித்துக் கொட்டும் தொழிலாளிக்கு வேண்டிய எண் டி50 அன்று. டி10உம் அதற்குக் கீழே உள்ளவையுமே.

உணவுக்கு வெண்மையூட்ட இ171 என்னும் பெயரில் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கப்பட்டு வந்தது. அதில் நானோ அளவிலான துகள்களும் கலந்திருந்தமை கவலையை எழுப்பியது. 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, அதனை உணவில் பாதுகாப்பானதாக இனிக் கருத இயலாது என்று அறிவித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதன் பயன்பாட்டைத் தடைசெய்தது. வேறு சில நாடுகள் அதனைத் தொடர்ந்து ஏற்கின்றன.

‘நானோ பொருள்’ எது என்பதை வரையறுப்பதிலேயே அளவீட்டு முறை முன்னிற்கிறது. 2011இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட பரிந்துரை, 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்கள் எடையால் அன்றி எண்ணிக்கையால் 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருத்தலை அளவுகோலாகக் கொண்டது. ஒரு பொடியில் 0.05 மைக்ரோமீட்டர்த் துகள்கள் 1000உம், 0.5 மைக்ரோமீட்டர்த் துகள்கள் 10உம் இருப்பின், நானோ துகள்களின் பங்கு எடையால் ஏறத்தாழ 9 விழுக்காடு. எண்ணிக்கையால் ஏறத்தாழ 99 விழுக்காடு. எடையைக் கூறுபவர் ‘சிறிதளவே’ என்பார். எண்ணிக்கையைக் கூறுபவர் ‘பெரும்பான்மை’ என்பார். பொடி ஒன்றே, தீர்ப்பு இரண்டு.

ஆகவே துகளளவைக் கூறும் நல்ல அறிக்கை ஓர் எண்ணோடு நின்றுவிடாது. மாதிரி எவ்வாறு எடுக்கப்பட்டது, எந்த நீர்மத்தில் எவ்வளவு நேரம் பிரிக்கப்பட்டது, எம்முறையில் அளக்கப்பட்டது, சராசரி எண்ணிக்கையாலா எடையாலா, மீண்டும் அளந்தபோது எவ்வளவு மாறியது என்பவற்றையும் அது உடன் கூறும். அவ்வாறு கூறினால் தொலைவிலுள்ள மற்றோர் ஆய்வாளர் அதே வழியில் அளந்து அதே எண்ணைப் பெற இயலும். ஓர் எண்ணுக்கு நம்பகத்தன்மை தருவது அதன் தசமப் புள்ளிகள் அல்ல; அது பிறந்த வழியைப் பிறர் மீண்டும் நடந்து பார்க்க இயல்வதே.

அம்மியின் முன் அமர்ந்து விரல்நுனியில் பொடியைத் தேய்த்துப் பார்ப்பவரும் ஓர் அளவீட்டையே செய்கிறார். ஆனால் அவ்வறிவு அவர் விரலோடு நின்றுவிடுகிறது. அதனை எவரும் சரிபார்க்கும் எண்ணாக்கி, அவ்வெண்ணின் எல்லையையும் மறைக்காமல் உரைப்பதே ஆய்வகத்தின் பணி.

கற்பவை கற்றபின்

1. கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, ஒரு கரண்டி மண்ணைக் கலக்கி அசையாமல் வையுங்கள். 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, ஒரு நாள் கழித்து நீரின் தெளிவையும் படிந்த அடுக்குகளையும் உற்றுநோக்கிக் குறிப்பெடுத்து வகுப்பறையில் உரையாடுங்கள்.
2. மாவு, அரிசி, மணல் ஆகியவற்றை அளவுவாரியாகப் பிரிக்க உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றின் பொருள் வேறுபாட்டையும் எழுதுங்கள்.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நீரில் விழும் சிறு உருண்டையின் விட்டம் மூன்று மடங்கானால் அதன் முற்றுத்திசைவேகம்
அ) மூன்று மடங்காகும் ஆ) ஆறு மடங்காகும் இ) ஒன்பது மடங்காகும் ஈ) மாறாது

2. அசூரைட்டை மிக நுண்மையாக அரைத்தால் அதன் நீலம்
அ) ஆழமாகும் ஆ) வெளிறும் இ) கருமையாகும் ஈ) சிவக்கும்

குறுவினா

1. நிறமிக்கும் சாயத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. டி50 என்பதன் பொருளை விளக்குக.

சிறுவினா

1. பொடியிலிருந்து மாதிரி எடுப்பதில் நேரக்கூடிய பிழையையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் எழுதுக.
2. மைக்காத் தகட்டின் அளவு நுண்ணோக்கியிலும் வண்டல்முறையிலும் வேறுபடக் காரணம் என்ன?

நெடுவினா

‘எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை, வினாக்கள் வேறு, ஆகவே விடைகளும் வேறு’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.